மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா? ஹெபடைடிஸ் பி ஆய்வுகள் சொல்வது என்ன?

"காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடி, சரியாப் போயிடும்." திருச்சி பக்கம் இந்த யோசனையைக் கேட்காத வீடு குறைவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் வாழைத்தோப்பு, வயல் வரப்பு என ஈரம் உள்ள இடமெல்லாம் இது களையாக முளைக்கும். இலைக்குக் கீழே நெல்லிக்காய் போலக் குட்டிக் காய்கள் தொங்குவதால் வந்த பெயர் இது.

இந்த ஊருக்கு மருத்துவப் பாரம்பரியமும் பழையது. ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலில் தன்வந்திரிக்குத் தனி சன்னதி இருக்கிறது. அங்கு இயங்கிய ஆரோக்கியசாலை பற்றி 1493-ஆம் ஆண்டு கல்வெட்டு பேசுகிறது. சரி, கீழாநெல்லி நிஜமாகவே வைரஸை ஒழிக்குமா?

சென்னையில் நடந்த ஆய்வு

1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. இந்த வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

எப்படி வேலை செய்கிறது?

வைரஸ் தன்னைப் பிரதியெடுக்க 'டிஎன்ஏ பாலிமரேஸ்' என்ற நொதி வேண்டும். கீழாநெல்லிச் சாறு அந்த நொதியைத் தடுப்பது 1987-லேயே ஆய்வகத்தில் தெரிந்தது. ஆனால் ஆய்வகக் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடலில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு என்ன ஆச்சு?

1990-ல் தாய்லாந்தில் சோதித்தபோது சென்னையில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை அலசிய 'காக்ரேன்' அமைப்பின் 2011 அறிக்கை, ஹெபடைடிஸ் பி-க்கு இது பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

செடியிலேயே குழப்பமும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இனங்கள் பல. 1987 ஆய்வில் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என எழுதப்பட்ட செடி, 1988-ல் 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' ஆனது. இந்த மாதிரி சந்தேகங்களைத் தீர்க்கத்தான் உலர் தாவரத் தொகுப்புகள் தேவைப்படுகின்றன. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் அப்படிப்பட்ட ஒன்று.

அப்போ பலருக்குக் குணமாவது எப்படி?

காமாலை ஒரு நோயல்ல, அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்களால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினாலும் 100-க்கு 95 பேருக்கு மேல் உடலே விரட்டிவிடும். இடையில் குடித்த சாறுக்குப் பெயர் போய்விடுகிறது.

ஆபத்து மீதிப் பேருக்குத்தான். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், மது பாதிப்பாலும் கண் மஞ்சளாகும். சாறு குடித்துக் காத்திருந்தால் சிகிச்சைக்கான நேரம் போய்விடும்.

என்ன செய்யணும்?

* கண், சிறுநீர் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
* மயக்கம், குழப்பமான பேச்சு, ரத்த வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.
* ஹெபடைடிஸ் பி மாத்திரை சாப்பிடுபவர்கள் கீழாநெல்லியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வைரஸ் மறுபடி வீறுகொண்டு எழும். சாறு, பொடி எது எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
* பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம். பிறக்கும்போது தொற்று வந்தால் 10-ல் 9 குழந்தைகளுக்கு அது உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

கீழாநெல்லி மீதான ஆய்வுகள் தொடரலாம். அதுவரை ஹெபடைடிஸ் பி-யைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட வழி தடுப்பூசி. வந்துவிட்டால், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை.