ஓமந்தை மாணவரின் விளையாட்டும் படிப்பும்: நேரத்தைத் தின்பது எது?

வன்னியில் ஓட்டக்காரர் என்று பெயரெடுத்த மாணவர் சாதாரண தரப் பரீட்சையில் சறுக்கினால் பழி முதலில் மைதானத்தின் மீதே விழும். "விளையாட்டு விளையாட்டெண்டு திரிஞ்சு படிப்பைக் கோட்டை விட்டிட்டான்" என்று வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் ஒரே தீர்ப்புத்தான். இத்தீர்ப்பில் பாதி பிழை. நாளாந்தப் பயிற்சி படிப்பைக் கெடுக்கிறது என்பதற்கான சான்று மெலிது. போட்டிக்கான பயணம், இடம்மாறிக்கொண்டே இருக்கும் பரீட்சைக் காலம், தவறிய பாடத்தை மீளக் கற்பிக்க ஏற்பாடில்லாத பாடசாலை ஆகிய மூன்றும் கெடுக்கின்றன என்பதற்கு ஓமந்தையே நல்ல சான்று.

மாணவரின் நேரம் ஒரு குறித்த அளவு, விளையாட்டு எடுப்பதெல்லாம் படிப்பிலிருந்தே பிடுங்கப்படுகிறது என்ற எண்ணத்துக்குக் கல்விமான்களிடையே வலுவூட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன். இல்லினோய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1961 இல் அவர் வெளியிட்ட நூல், மாணவர் உலகில் விளையாட்டு வீரருக்குக் கிடைக்கும் மதிப்பு படிப்பாளிக்குக் கிடைப்பதில்லை என்று காட்டியது. பின்வந்த ஆய்வுகள் வேறு திசையில் சென்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970களில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து மணிநேரம் உடற்கல்வி கூட்டப்பட்டது. அதற்காகப் பாட நேரம் குறைக்கப்பட்டும் பெறுபேறுகள் விழவில்லை. ஆய்வாளர்களான ட்ரூடோவும் ஷெப்பர்டும் 2008 இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் வரை உடற்பயிற்சிக்கு ஒதுக்குவதால் கல்வி பாதிக்கப்படுவதில்லை என்ற முடிவுக்கு வந்தனர். ஆரம்ப வகுப்புப் பிள்ளையின் கணக்கை உயர்தர மாணவருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆயினும் ஒரு மணிநேரப் பயிற்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதைவிட வலுவான ஆதாரம் வேண்டும்.

ஓமந்தையில் அந்த ஒரு மணிநேரம் எங்கே விழுகிறது என்பதே சிக்கல். பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. வவுனியா வெயிலில் உடனே மைதானத்தில் இறங்க முடியாது. வெயில் தாழும் நேரமோ ரியூசன் நேரம். நல்ல வகுப்புகளைத் தேடிப் பதினைந்து கிலோமீற்றருக்குள் உள்ள வவுனியா நகருக்குப் போகவேண்டும். போனால் கடைசி பஸ்ஸையும் பார்க்கவேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் முதலாம் தவணையில் காலபோக அறுவடையும் வந்துவிடும். வயலுள்ள வீடுகளில் பிள்ளையின் கைக்கும் வேலை உண்டு. ஆக, பயிற்சியோடு முட்டுவது வகுப்பறை அல்ல, தனியார் வகுப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் கீழ் வகுப்பு மாணவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வகுப்பு கூடாதென 2023 இல் முடிவெடுக்க நேர்ந்தது. பிள்ளையின் ஓய்வுநேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பயணம் இதைவிடப் பெரிய செலவு. ஓமந்தையிலிருந்து யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கொழும்பு சுகததாச அரங்கு 250 கிலோமீற்றருக்கு மேல். வலயம், மாகாணம், தேசியம் என்று ஒவ்வொரு படியிலும் வெல்ல வெல்லப் பாட நாட்கள் கழிகின்றன. திறமைக்குக் கிடைக்கும் பரிசு வகுப்பிலிருந்து கூடுதலாக விலகியிருப்பது! இந்த ஊருக்குப் பயணம் எப்போதுமே எளிதாக இருந்ததில்லை. 1990 இல் நின்ற வடபகுதி ரயில் ஓமந்தையை மீண்டும் எட்டியது 2011 இல். யாழ்ப்பாணத்தை எட்டியது 2014 இல். 2002 போர்நிறுத்தத்தின் பின் ஓமந்தை என்றாலே சோதனைச்சாவடி. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியே மூடப்பட்டது. இன்று பாதை திறந்திருக்கிறது. தூரம் மட்டும் குறையவில்லை.

பயணத்தை நீக்கிப் பார்த்தால் கணக்கு எப்படி மாறும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. 2022 மே மாதம் இணையவழி நடந்த செசபிள் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் சென்னை மாணவர் பிரக்ஞானந்தா அனிஷ் கிரியை வென்றபோது இரவு இரண்டு மணி. காலையில் அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வு. பள்ளிக்குப் போகவேண்டும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது உலகச் செய்தியாயிற்று. வீட்டிலிருந்தே ஆடியதால்தான் அது இயன்றது. ஈட்டி எறிபவருக்கும் கோலூன்றிப் பாய்பவருக்கும் அந்த வசதி இல்லை. தூக்கத்தைக் கொடுத்து இரண்டையும் வாங்கும் வழியையும் பரிந்துரைக்க முடியாது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர்களின் கணக்கு.

அடுத்தது பரீட்சை நாட்காட்டி. உயர்தரப் பரீட்சை நெடுங்காலம் ஓகஸ்டிலும் சாதாரண தரம் டிசம்பரிலும் நடந்தன. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்தன. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரம் 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் தொடங்கின. மூன்றும் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் பருவம். 2024க்குரியது நவம்பருக்கு வந்தது, அதுவும் வெள்ளத்தால் இடைநின்று தொடர்ந்தது. பயிற்றுவிப்பாளர் ஓராண்டுக்கு முன்பே வகுக்கவேண்டிய பயிற்சித் திட்டத்தை இப்படிப்பட்ட ஆண்டுகளில் எதன்மேல் வகுப்பது? எந்த மாதம் பயிற்சியைக் குறைக்கவேண்டும் என்று தெரியாத மாணவரிடம் நேர முகாமைத்துவம் பற்றி விரிவுரை செய்வதில் பயனில்லை.

பெற்றோரின் அச்சத்தையும் அற்பமென்று ஒதுக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டில் ஓமந்தைப் பிள்ளையின் போட்டியாளர் கொழும்பு மாணவர் அல்ல. ரியூசனுக்கு நடந்தே போகக்கூடிய வவுனியா நகர மாணவர். இசட் புள்ளியின் சிறு தசமம் இருவரையும் பிரித்துவிடும். விளையாட்டில் சிறந்தோருக்கு விசேட அனுமதி உண்டு. அது மிகச் சிறியது, மிக உயர்ந்த சாதனையைக் கேட்பது. மாகாண மட்டத்தில் நான்காவதாக வந்தவருக்கு அதில் இடமில்லை. கிரிக்கெட் வீரர் வியாஸ்காந்த் போன்ற சிலருக்குக் கதவு திறந்திருக்கிறது: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து 2020 இல் எல்பிஎல், 2024 இல் ஐபிஎல். ஒருவரின் வெற்றியை நூறு பேருக்கான திட்டமாகக் காட்டுவதுதான் தவறு.

பாடசாலை தன் கையால் செய்யக்கூடியது இருக்கிறது. உயர்தரத்துக்கு 80 வீத வரவு கேட்கும் முறைமை, வராத நாளில் நடந்த பாடம் மாணவரைச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. மாகாணப் போட்டிக்குப் போய்வந்த அணிக்கு, தவறிய கணித, விஞ்ஞானப் பாடங்களை அடுத்த வாரமே மீளக் கற்பிக்கும் பொறுப்பை ஓர் ஆசிரியருக்கு எழுத்தில் ஒப்படைக்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் பயிற்சிக்கென விட்டுத்தரும்படி வவுனியாவின் தனியார் கல்வி நிலையங்களோடு வலயம் பேசலாம். பெருஞ்செலவு எதிலும் இல்லை.

நாட்காட்டி மோதலுக்குப் பாடசாலை பொறுப்பல்ல. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவை நடத்துவது கல்வி அமைச்சு. பரீட்சைகளை நடத்தும் திணைக்களமும் அதே அமைச்சின் கீழ்தான். இரண்டு திகதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரே சுற்றறிக்கையில் அறிவித்து, அறிவித்தபடி நடத்தவேண்டிய கடமை அந்த அமைச்சுக்கே உரியது.