த்ரீ நாட் த்ரீயும் பெரியப்பாவும்

சென்ற வாரம் வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். சுவிட்சர்லாந்து ராணுவத்தின் பழைய குறிசுடும் துப்பாக்கி, 1955 மாடல். "அப்புச்சி, நீங்க காலேஜ்ல சுட்டது இதைவிட நல்லதுங்களா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது. 1968இல்தான் விருப்பம் இருந்தால் சேரலாம் என்றானது. நான் கோவையில் பி.யு.சி. சேர்ந்தது 1966இல். காங்கேயத்துக் காட்டில் மாடு மேய்த்தவன், பூட்ஸ் போட்டுப் பரேடு போனேன். முகாமில் ஒருநாள் மதுக்கரைப் பக்கம் கூட்டிப் போய், ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள்.

கையில் தந்தது த்ரீ நாட் த்ரீ. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் வடிவமைப்பு. லண்டன் அருகே என்ஃபீல்டில் பிறந்து, வங்காளத்து இசாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. எடை ஏறக்குறைய நான்கு கிலோ. பத்துத் தோட்டா கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். பழகியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு குறிபார்த்துச் சுடுவார்களாம். எனக்கு ஐந்து சுடுவதற்குள் தோள் கன்றிவிட்டது. தோளோடு இறுக்கிப் பிடி என்று ஹவில்தார் கத்தியது முதல் வெடிக்குப் பிறகுதான் புரிந்தது.

துப்பாக்கியையும் சுடுபவனையும் மதிப்பிட ஒரு வழி, ஐந்து துளையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்ப்பது. அதைக் 'குரூப்பிங்' என்பார்கள். என்னுடையது நான்கு அங்குலம். ஹவில்தார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இதே இனத்தில் குறிசுடுபவர்களுக்கென ஒன்று இருந்தது: நான்காம் எண், டி வகை. அதைத் தனியாக வடிக்கவில்லை. சோதனையில் நன்றாகச் சுட்டவற்றைப் பொறுக்கி எடுத்து, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பித் தொலைநோக்கி பொருத்தினார்கள். கண்ணபுரம் சந்தையில் நூறு கன்றுக்கு நடுவே ஒரு பூச்சிக்காளைக் கன்றைப் பார்த்துப் பிடிப்பதில்லையா, அப்படி.

சுவிஸ்காரர்கள் செய்தது கடிகார வேலை. போல்ட்டைத் தூக்கி மடக்க வேண்டியதில்லை. நேராக இழுத்துத் தள்ளினால் போதும். தாங்குகால் உண்டு, தொலைநோக்கி உண்டு, உதை குறைக்க முனையில் தடுப்பும் உண்டு. தோட்டா 7.5 மில்லிமீட்டர், துல்லியத்துக்குப் பெயர் போனது. இயந்திரம் என்று பார்த்தால் அதுதான் உசத்தி. பேரனிடம் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

முகாம் முடிந்து ஊருக்கு வந்ததும், கன்றிய தோளையும் துளை விழுந்த காகிதத்தையும் பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் பர்மா வரை போய் வந்தவர். பாலம் கட்டும் படை என்றாலும் தோளில் இதே த்ரீ நாட் த்ரீதான். போரைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை.

உப்பை வறுத்துத் துணியில் கட்டி எனக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "உனக்கு எங்க பட்டுதுன்னு தெரியுது, இல்ல கண்ணு?"

"தெரியுதுங் பெரிப்பா. காயிதத்துல ஓட்டை இருக்குதே."

"எங்களுக்கு மூங்கக் காடு. இலை அசைஞ்ச பக்கம் சுட்டோம். அப்புறம் அசையல. போயிப் பாக்கறதுக்கு யாருக்கும் மனசு வல்ல. அங்க ஆளு இருந்துதா, காத்துதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. 1981இல் போய்விட்டார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. அதில் தேதிகள் இருக்கின்றன, அந்த மூங்கில் காடு இல்லை.

2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசக் காவல்துறை த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்த செய்தியைப் பார்த்தபோது அந்த உப்பு வாசம்தான் நினைவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்து இரண்டு உலகப் போரிலும் இறங்காத நாடு. அவர்கள் துப்பாக்கி பெரும்பாலும் காகிதத்தைத்தான் சுட்டது. அந்தக் கொடுப்பினை எங்கள் பெரியப்பாவுக்கு இல்லை.

பேரன் கைப்பேசியை அணைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய் வந்த பெரியவர் யாரேனும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வையுங்கள். நான் இன்னும் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.