மட்டக்களப்பு வாவிக்கரையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் மகளிர் பாடசாலை அனுமதியும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுக்கொருமுறை நாடெங்கும் நடத்தும் பொதுப் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுவது. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பதும், கூடுதல் புள்ளி பெற்ற பிள்ளைக்குப் பிரபல பாடசாலையில் ஆறாம் தர அனுமதி கொடுப்பதும் இதன் இரு வேலைகள். மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த இரண்டாவது வேலைதான் வீடுகளில் பேச்சாக இருக்கிறது. மகள் ‘ஸ்கொலசிப்’ பாஸ் பண்ணினாளா என்பதற்கு அடுத்து வரும் கேள்வி, வின்சென்ற்றா சிசிலியாவா என்பது.

மட்டக்களப்பு நகரிலுள்ள வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை, புனித சிசிலியா பெண்கள் கல்லூரி, காத்தான்குடி மீரா பாலிகா மகா வித்தியாலயம், வாவியின் தென்முனையையொட்டிய கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி ஆகியவை இப்பகுதியில் பெண்பிள்ளைகளுக்கான தேசிய பாடசாலைகள். தேசிய பாடசாலை என்றால் மாகாண சபையின் கீழன்றி நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குவது. கல்லடி உப்போடையில் விவேகானந்தா மகளிர் கல்லூரி இருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் இருபாலாரும் படிக்கும் பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம், தெற்கு ஊர்களின் பெற்றோர் முதலில் நினைக்கும் தேசிய பாடசாலை.

ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவியின் வரைபடத்தில் இந்தப் பெயர்களைக் குறித்துப் பார்த்தால் ஒரு விடயம் உடனே கண்ணில் படும். அத்தனையும் கடலோரப் பக்கத்தில், எழுவான்கரையிலும் நகரிலுமே இருக்கின்றன. வயலும் குளமும் காடும் நிறைந்த மேற்குப் பக்கமான படுவான்கரையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. இந்தப் பரீட்சையை மட்டக்களப்பில் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதாது. ஆனால் இது தெரியாமல் விளங்கிக்கொள்ளவே முடியாது.

பாடசாலைகள் இப்படி ஒரு பக்கமாகக் குவிந்ததற்கு மிஷன் காலம்வரை நீளும் வரலாறு உண்டு. வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அதே மிஷன் பெண்பிள்ளைகளுக்காக 1820இல் தொடங்கியதன் தொடர்ச்சிதான் வின்சென்ட். கத்தோலிக்கர் 1873இல் ஆண்பிள்ளைகளுக்குப் புனித மிக்கேல் கல்லூரியை ஏற்படுத்தினர். பெண்பிள்ளைகளுக்குச் சிசிலியா அமைந்தது. நிர்வாகமும் தேவாலயமும் வர்த்தகமும் நகரிலே இருந்ததால் ஆங்கிலப் படிப்பும் நகரிலே நின்றது. கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே படித்தார்கள்.

அந்தக் கதவை உடைக்கத்தான் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. கல்வி அமைச்சராயிருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பகுதிகளில் மத்திய கல்லூரிகள் கட்டப்பட்டன. கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தெரிந்து, விடுதியில் தங்கவைத்து, சாப்பாடும் கொடுத்துப் படிப்பித்தார்கள். மட்டக்களப்பில் அப்படி எழுந்தது வந்தாறுமூலை மத்திய கல்லூரி. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அந்த வளவில்தான். அதுவே 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அன்றைய திட்டத்தின் பலம் விடுதியில் இருந்தது. பரீட்சையில் தேறிய பிள்ளை எப்படிப் போய்வருவாள், எங்கே தங்குவாள் என்ற கேள்விக்குத் திட்டமே பதில் வைத்திருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தபின், நகரத்துப் பழைய பாடசாலைகளும் அரச பாடசாலைகளாயின. பரீட்சையின் முகம் மெல்ல மத்திய கல்லூரிகளை விட்டு அந்தப் பழைய பாடசாலைகளின் பக்கம் திரும்பியது. விடுதி என்ற பகுதி பின்னால் தங்கிவிட்டது.

இன்றைய பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம், நுண்ணறிவைச் சோதிப்பது. கோலங்கள், எண் தொடர்கள், உருவங்களைத் திருப்பிப் பார்த்தல் என்று போகும். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. இரண்டாவதில் 60 வினாக்கள், ஒரு மணித்தியாலம் 15 நிமிடம். தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், ஆங்கிலம், இரண்டாம் மொழியான சிங்களம் எல்லாம் அதற்குள் வரும். மொத்தம் 200 புள்ளிகள். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் வினாத்தாளைக் காலை முதலில் கொடுத்துவிட்டு, இடைவேளைக்குப் பின் முதலாவதைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வினாத்தாளிலும் 35 எடுத்து மொத்தம் 70 எடுத்த பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் 70 எடுத்த சந்தோசத்தை ஊரில் யாரும் கொண்டாடுவதில்லை. சுவரில் தொங்கும் பதாகையில் படம் வருவது வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்கே. ஐந்து வருடம் ஒழுங்காகப் படித்து நூறு புள்ளிகள் எடுத்த பத்து வயதுச் சிறுமி தோற்றுப்போனதாக உணர்வது இந்த முறையின் மிகப் பெரிய கொடுமை.

வெட்டுப்புள்ளி என்பதிலும் இரண்டு உண்டு. பெற்றோர் பலர் குழம்புவது இங்கேதான். பெறுபேறுகளோடு வெளிவருவது மாவட்ட வெட்டுப்புள்ளி. சிங்கள மொழிமூலத்துக்கும் தமிழ் மொழிமூலத்துக்கும் அது வேறு வேறு. வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் குறைவாக வைக்கப்படும். அதைத் தாண்டி, குடும்ப வருமானமும் எல்லைக்குள் இருந்தால் உதவிப் பணத்துக்கு உரிமை உண்டு. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இத்தொகை மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் பரீட்சையில் நாடு முழுவதற்கும் 20,000 பேருக்கே இந்த உதவி. மற்றது பாடசாலை வெட்டுப்புள்ளி. கல்வி அமைச்சு ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனியாக வெளியிடுவது. பெற்றோர் விருப்ப ஒழுங்கில் பாடசாலைகளைக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். இப்போது இது இணையவழியில் நடக்கிறது. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கும் தான் கேட்ட மகளிர் பாடசாலை கிடைக்காமல் போகலாம். அதற்குப் பிறகு மேன்முறையீடு, வலயக் கல்வி அலுவலகம், அதிபரின் அறை வாசல்.

பாடசாலை வெட்டுப்புள்ளியை ஏற்றுவதும் இறக்குவதும் இடங்களின் எண்ணிக்கை. முதலாம் தரம் முதல் நடக்கும் பாடசாலைகளில், அங்கே ஐந்தாம் தரம் முடித்த பிள்ளைகள் எத்தனை புள்ளி எடுத்தாலும் அப்படியே ஆறாம் தரத்துக்குப் போவார்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது மீதி இடங்கள்தான். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பாடசாலைகளில் படிக்கும் இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இது வழக்காகவே போனது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் அங்கே பதினொரு வயதில் தெரிவுப் பரீட்சை நடந்துவந்தது. அந்நகரத்தின் தெரிவுப் பாடசாலைகளில் ஆண்களுக்கு ஏறத்தாழ 540 இடங்கள், பெண்களுக்கு 360. ஒரே பரீட்சையில் பெண்பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் நுழைய முடியும். இது பால் பாகுபாடுதான் என்று 1989இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மட்டக்களப்பிலும் மகளிர் பாடசாலைகளின் வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது, பிள்ளை எத்தனை எடுத்தாள் என்று கேட்பதற்கு முன் எத்தனை கதிரைகள் இருந்தன என்று கேட்பதே நியாயம்.

முதலாம் தர வாசலுக்கு வேறு விதிகள். வீடு அருகிலிருப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவியரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் சகோதரிகளின் தங்கைகளுக்கு 15; மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருக்கு 5, 4, 1 என்று பிரிகிறது. அருகில் இருப்பதை அளக்கும் முறை வாவிக்கரைக்குப் பொருத்தமான ஒன்று. வீட்டை நடுவாக வைத்து, கேட்கும் பாடசாலை வரை நேர்கோட்டுத் தூரத்தில் வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். ஆனால் ஆறு, களப்பு, சதுப்பு நிலம், ஒதுக்கக் காடு போன்ற தடைகளால் போய்வர முடியாத பாடசாலைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. தண்ணீர் குறுக்கே கிடந்தால் கிட்டவுள்ளதும் எட்டத்தான் என்பதை முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கை ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறது. பத்து வயதில் அவள் எழுதும் பரீட்சையில் அந்த ஏற்பாடு இல்லை.

படுவான்கரையிலிருந்து கடலோரப் பக்கத்துக்குப் போக நெடுங்காலம் பாலங்களைவிடப் ‘பாதை’களே கைகொடுத்தன. பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இழுக்கும் மிதவை. மண்முனைத்துறையில் பாதை ஓடிய இடத்தில் 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலையிலிருந்து ஆரையம்பதி, காத்தான்குடி வழியாக நகருக்குப் போவது அதன்பின் சுலபமாயிற்று. வடக்கே வலையிறவுப் பாலம் வவுணதீவை நகரோடு சேர்க்கிறது. தெற்கே பட்டிருப்புப் பாலம் போரதீவுப் பற்றைக் களுவாஞ்சிக்குடியோடு சேர்க்கிறது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே பாதைப் பயணம் மண்முனைப் பாலம் வந்த காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. போர்க் காலத்தில் இந்தத் துறைகள் சோதனைச் சாவடிகளாக இருந்தன. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த ஆண்டுகளில் பெண்பிள்ளையை நாளாந்தம் அக்கரைக்கு அனுப்புவது எந்தத் தாய்க்கும் லேசான முடிவல்ல.

இன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டிய படுவான்கரைச் சிறுமியின் வீட்டில் கணக்கு வேறுமாதிரி ஓடும். முதல் பஸ் எத்தனை மணிக்கு, பிந்தினால் அடுத்தது எப்போது, நகரில் சித்தியோ மாமியோ இருக்கிறார்களா, அவர்கள் வீட்டில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் என்ன செய்வது? மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டைப் பெண்பிள்ளைக்கே கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள். தகப்பன் உழைப்பதில் பெரும்பங்கு மகளின் வீட்டுக்குப் போகும். வான் கூலியும் ரியூசன் காசும் அதே மடியிலிருந்துதான் வரவேண்டும். மாதம் 1,500 ரூபாய் அந்த மடிக்கு மிகச் சிறிய தொகை.

பரீட்சை நாளும் இங்கே காலநிலையோடு சேர்ந்தது. வழக்கமான ஓகஸ்ட் மாதம் கச்சான் காற்று வீசும் கோடை, தெருக்கள் காய்ந்திருக்கும். கொரோனாவுக்குப் பின் நாட்காட்டி குழம்பி, 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 ஜனவரி 22இலும், 2022ஆம் ஆண்டுக்குரியது டிசெம்பர் 18இலும் நடந்தன. இரண்டும் கிழக்கின் மாரிக்குள் விழுந்தவை. பின்னர் 2023 ஒக்டோபர் 15, 2024 செப்டெம்பர் 15 என்று முன்னேறி, 2025இல் ஓகஸ்ட் 10க்குத் திரும்பியது. கொழும்பில் நாள் குறிக்கும்போது தென்மேற்கு மழையை நினைப்பவர்கள் வடகீழ்ப் பருவமழையையும் நினைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் திணைக்களம் தடை செய்யும். நாலாம் தரத்திலேயே தொடங்கிவிடும் பின்னேர வகுப்புகளுக்கு அந்தச் சில நாள் ஓய்வு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. 2024இல் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானது தெரியவந்தபோது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்க வேண்டும் என்று டிசெம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. பெறுபேறுகள் 2025 ஜனவரியில் வெளியாயின. மூன்று வினாவுக்காக நாடே மாதக்கணக்கில் காத்திருந்தது என்றால், அந்தப் புள்ளிகளின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது புரியும்.

முஸ்லிம் பெண்பிள்ளைகளின் நிலை சற்று வேறு. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் மட்டக்களப்பு மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகளைச் சேர்த்து அமைந்தது, நிலத்தால் தொடர்ச்சியற்றது. காத்தான்குடிப் பிள்ளைக்கு மீரா பாலிகா நடந்துபோகும் தூரம். அவளுடைய போட்டி நெருக்கமான ஊருக்குள்ளே, பக்கத்து வீட்டுத் தோழியோடு. ஓட்டமாவடிப் பிள்ளைக்கு அதே பாடசாலை நீண்ட பயணத்தைக் கேட்கும்.

பத்து வயதில் தவறவிட்ட வாசல் பதினாறு வயதில் இன்னொருமுறை திறக்கும். சாதாரண தரப் பெறுபேறுகளின் பின், பன்னிரண்டாம் தரத்துக்கு நகரத்து மகளிர் பாடசாலைகள் வெளியிலிருந்து மாணவியரைச் சேர்க்கின்றன. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் அடிப்படைத் தகுதி. விஞ்ஞானப் பிரிவுக்கு ஒவ்வொரு பாடசாலையும் மேலும் கேட்கும். உயிரியலும் கணிதமும் படிப்பிக்க ஆசிரியர் போதாத படுவான்கரைப் பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் இந்த வாசலைத்தான் நம்பியிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை தனியாக பஸ் ஏறுவாள், அறை எடுத்துத் தோழியரோடு தங்குவாள், விண்ணப்பத்தைத் தானே நிரப்புவாள். ஆறாம் தர அனுமதியோடு விடுதியையும் பாடசாலை பஸ்ஸையும் மறுபடி சேர்த்துக் கொடுத்தால், அந்த ஆறு வருடத்தை அவள் இழக்க வேண்டியதில்லை.