கொக்கோவும் மூலதனமும்: கானாவின் விடுதலை வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் மன்னர் வரிசையிற் காண்பதினும் அதன் மண்ணில் விளையும் பயிரிற் காண்பது சில வேளைகளில் எளிதாகும். மேற்காபிரிக்காவிலுள்ள கானாவுக்குக் கொக்கோ அத்தகைய பயிர். அந்நாடு பிரித்தானியராட்சியில் பொற்கரை என வழங்கிற்று. 1911ஆம் ஆண்டளவில் அது உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாயிற்று. ஆங்கே தோட்டங்கள் ஐரோப்பியத் துரைமாரின் உடைமையாய் இருக்கவில்லை. ஆபிரிக்க உழவர்களே காடு வெட்டி, கன்று நட்டு, காய் பறித்தனர். நிலம் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. ஆனால் விலை மட்டும் அவர்களுடையதன்று. கொள்முதலும் கப்பலும் கடனும் அந்நியக் கம்பனிகளின் கையில் இருந்தன. நிலத்தைக் கைப்பற்றாமலே நிலத்தின் பயனைக் கைப்பற்றலாம் என்பதை அந்நிய மூலதனம் அங்கு மெய்ப்பித்தது.

1937இல் ஐக்கிய ஆபிரிக்கக் கம்பனி முதலான பெருங் கம்பனிகள், தமக்குள் போட்டியின்றிக் கொக்கோவை வாங்குவதென உடன்படிக்கை செய்துகொண்டன. இதனை அறிந்த உழவர் கொக்கோவை விற்க மறுத்தனர். மூட்டைகள் தேங்கின, சிலவிடங்களில் விளைவைத் தீயிட்டும் அழித்தனர். அந்நியப் பண்டங்களையும் வாங்காது விடுத்தனர். 1938 ஏப்பிரில் வரை அம்மறுப்பு நீடித்தது. எழுத்தறியாதாரும் பலர் இருந்த அக்கூட்டம், எந்தப் பொருளியல் நூலையும் கல்லாமலே மூலதனத்தின் இயல்பை உணர்ந்துகொண்டது.

இரண்டாம் உலகப் போரில் பொற்கரை வீரர் பர்மாக் காடுகளிற் போரிட்டனர். நாடு திரும்பியோர் 1948 பெப்புருவரி 28ஆம் நாள், தம் குறைகளை முறையிட அக்கிரா நகரில் ஊர்வலமாகச் சென்றனர். காவற்றுறை அதிகாரியின் துப்பாக்கிக்கு மூவர் இரையாயினர். நகர் கொதித்தெழுந்தது. ஐரோப்பியக் கடைகள் தீக்கிரையாயின.

இக்கொதிப்புக்குக் கொள்கை வடிவம் கொடுக்க முற்பட்டவர் குவாமே நிக்குரூமா. அமெரிக்காவிற் கற்றவர், 1945இல் மான்செஸ்ரர் நகரிற் கூடிய ஐந்தாம் அனைத்தாபிரிக்க மாநாட்டை ஒழுங்குசெய்தோருள் ஒருவர். குடியேற்றநாடுகள் மூலதனத்தின் வேட்டைக்களமாயின என்ற இலெனினின் கொள்கை அவரை ஆட்கொண்டது. 1949இல் மக்கள் மாநாட்டுக் கட்சியை நிறுவினார், 1950இல் சிறைப்பட்டார், சிறையிலிருந்தவாறே 1951 தேர்தலில் வென்றார். 1957 மார்ச்சு 6ஆம் நாள் கானா விடுதலை பெற்றது.

ஆயினும் விடுதலைக்கு முன்னரே ஒரு வினா எழுந்தது. பாடசாலைக்கும் பாதைக்கும் ஆலைக்கும் வேண்டிய மூலதனம் எங்கிருந்து வரும்? அந்நியரிடம் கடன்கொள்ளின் அடிமைத்தனம் தொடரும்; ஆகவே அது கொக்கோவிலிருந்தே வரவேண்டியதாயிற்று. 1954இல் நிக்குரூமாவின் அரசாங்கம் 60 இறாத்தல் கொண்ட சுமையொன்றுக்கு 72 சிலிங் என உழவர்க்குரிய விலையை நிலைப்படுத்தியது. உலகச் சந்தை விலையோ அதன் இருமடங்கினும் மேற்பட்டிருந்தது. எஞ்சிய பணம் நாட்டின் வளர்ச்சிக்கு என்றது அரசு. முன்னர் கம்பனி எடுத்ததை இப்போது அரசு எடுக்கின்றது என்றான் உழவன். அவ்வாண்டே அசாந்திப் பகுதியில் எதிர்ப்பியக்கம் எழுந்தது. சமதருமக் கொள்கைக்கு நேர்ந்த கடுஞ்சோதனை இதுவே எனலாம். இருதரப்பாரின் கூற்றிலும் உண்மை இருந்தது.

விடுதலையின் பின் சோதனை மேலும் கடுமையாயிற்று. வோல்ற்றா ஆற்றில் அக்கொசொம்போ அணை எழுந்தது. ஆனால் அதன் மின்னாற்றலில் பெரும்பங்கு, அமெரிக்கக் கம்பனிகளின் அலுமினிய ஆலைக்கென ஒதுக்கப்பட்டது. கானாவின் நிலத்திற் பொக்சைற்று இருந்தும், அவ்வாலைக்கு மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1964-65இல் கொக்கோ விளைவு என்றுமில்லாதவாறு பெருகியது. விலையோ பாதாளத்தில் வீழ்ந்தது. 1965இல் நிக்குரூமா புதிய குடியேற்றவாதம் பற்றி நூலெழுதினார். கொடியும் கீதமும் ஒரு நாட்டுக்கு உரியனவாயிருக்க, அதன் பொருளாதாரத்தைப் பிறர் ஆட்டிவைக்கும் நிலையை அதில் விளக்கினார். அமெரிக்க அரசாங்கம் அதனைக் கண்டித்தது.

அந்நிய மூலதனத்தின் மீது மட்டும் பழிசுமத்துதல் நீதியாகாது. 1958இல் விசாரணையின்றிச் சிறையிடும் சட்டம் வந்தது. 1964இல் கானா ஒருகட்சி நாடாயிற்று. விடுதலைக்கு முன்னோடியாய் விளங்கிய தாங்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார். உழவரும் தொழிலாளரும் தம் குறையைக் கூறும் வாயில் அடைபட்டது. 1966 பெப்புருவரி 24ஆம் நாள், நிக்குரூமா வெளிநாடு சென்றிருந்த வேளையிற் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அணை திறக்கப்பட்டு ஒரு மாதமே கடந்திருந்தது. நாடு திரும்பாமலே 1972இல் அவர் காலமானார்.

அவர் விடுத்த வினா அவரோடு மறையவில்லை. கொடியை ஏற்றுதல் ஒருநாட் செயல். தன் விளைவின் விலையைத் தானே வகுக்கும் உரிமை பெறுதலோ பல தலைமுறைகளின் முயற்சி. அந்த உரிமையை உழவனுக்காகக் கேட்போர், உழவனையும் கேட்டே நடத்தல் வேண்டும். கானாவின் கொக்கோ மரங்கள் உலகுக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.