தவறிய அடிக்கு ஒரு துணை

கோல்ஃப் மட்டையின் தலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தூரத்தின் வரலாறாகவே எழுதுகிறார்கள். மரம் போய் எஃகு வந்தது, எஃகு போய் டைட்டானியம் வந்தது, பந்து மேலும் மேலும் தொலைவில் போய் விழுந்தது என்று கதை ஓடும். அது பாதி உண்மைதான். கடந்த நூறாண்டில் புதிய உலோகங்களும் முகப்பின் மேற்பரப்பில் செய்த வேலைப்பாடுகளும் சாதித்தவற்றுள் பெரியது, நடுவில் சரியாகப் பட்ட அடியை மேலும் வலுவாக்கியதல்ல. நடுவை விட்டு விலகிய அடியின் நஷ்டத்தையும், ஈரப்புல்லில் கிடக்கும் பந்தை அடிப்பவரின் நஷ்டத்தையும் குறைத்ததுதான். வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால், விதிகளை வகுத்தவர்கள் ஏன் சிலவற்றைத் தடுத்தார்கள், ஏன் சிலவற்றை விட்டுவிட்டார்கள் என்பதும் விளங்குகிறது.

தொடக்கத்தில் பொருளைத் தேடியது மட்டை உடையாமல் இருப்பதற்காகத்தான். ஸ்காட்லாந்துத் தச்சர்கள் பீச், ஆப்பிள், பேரி மரங்களில் நீண்டு ஒடுங்கிய தலைகளைச் செதுக்கினார்கள். மரம் மட்டும் போதிய எடை தராது என்பதால் முகப்புக்குப் பின்னால் குடைந்து ஈயம் ஊற்றினார்கள். கீழ்விளிம்பு தேயாமலிருக்க ஆட்டுக்கடாவின் கொம்பிலிருந்து ஒரு பட்டை பதித்தார்கள். இறகு அடைத்த தோல்பந்து இருந்தவரை இது தாங்கியது. 1848 வாக்கில் மலாயக் காட்டுமரங்களின் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சாவில் பந்து செய்யத் தொடங்கியதும், அந்தக் கெட்டிப் பந்து மெல்லிய மரத்தலைகளைப் பிளந்தது. தலை குட்டையாகிப் பருத்தது, முகப்பில் தோல் ஒட்டப்பட்டது. நூற்றாண்டு முடியும் வேளையில் அமெரிக்காவிலிருந்து பெர்சிம்மன் வந்தது. அது நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்த மரம்; அதன் கடினத்தன்மையில் வியப்பில்லை. இதற்கிடையே 1880களில் முகப்பைத் தட்டையாக விடாமல் சற்றே வெளிப்புறம் புடைக்கச் செய்யும் பழக்கம் வந்தது. நுனிப்பக்கம் பட்ட பந்து வலப்புறம் கிளம்பினாலும், தலை திருகுவதால் அதற்குக் கிடைக்கும் பக்கச்சுழற்சி அதை உள்ளே வளைத்துக் கொண்டுவரும். புடைப்பு இந்த இரண்டையும் சமன் செய்கிறது. தவறிய அடிக்கு இடம் கொடுக்கும் எண்ணம் மரக்காலத்திலேயே முளைத்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மரத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த படி குழிக்கருகே பந்தை உருட்டும் மட்டையில் எடுத்து வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் அலுமினிய வார்ப்பாலை நடத்திய வில்லியம் மில்ஸ் அலுமினியத் தலைகளை வார்த்து விற்றார். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் ஆர்தர் நைட் அலுமினியத்தில் அகன்ற தலை செய்து, தண்டை அதன் நடுவை ஒட்டிப் பொருத்தினார். அந்த வகை மட்டையோடு வால்டர் டிராவிஸ் 1904இல் சாண்ட்விச்சில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1910இல் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கழகம் நடுவில் தண்டு பொருத்திய அந்த வடிவத்தைத் தடை செய்தது. அரை நூற்றாண்டு கழித்து, அதே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த கார்ஸ்டன் சோல்ஹைம் அகன்ற தலையின் கணக்கை முழுதாகப் போட்டார். தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களுக்குத் தள்ளினால், ஓரத்தில் பந்து பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது. நிலைமத் திருப்புத்திறன் எடை விலகியிருக்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற பள்ளிப்பாடம்தான் இது. 1959இல் வந்த அவருடைய முதல் பிங் மட்டையும், 1966இல் வந்த ஆன்சரும், 1982இன் ஐ-2 அயர்ன்களும் இந்த ஒரே கருத்தின் தொடர்ச்சி. கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்த இரும்பில் பின்புறம் ஆழமாகக் குடைவது கடினம். சுவாமிமலை ஸ்தபதிகள் கைவிடாமல் காத்துவரும் மெழுகு வார்ப்பின் தொழிற்சாலை வடிவம் அந்தத் தடையை நீக்கியது. மெழுகில் எந்த வடிவம் வருமோ, துருப்பிடிக்காத எஃகிலும் அந்த வடிவம் வரும்.

தொடக்க அடிக்கான டிரைவர் மட்டையில்தான் இந்த வாதத்தை எண்ணிக்கையால் சோதிக்க முடியும். அதன் தலை ஏறத்தாழ 200 கிராம். அதைவிடக் கனமானால் வீச்சின் வேகம் குறைகிறது, இலேசானால் மோதலின் உந்தம் குறைகிறது. எனவே எந்தப் பொருள் வந்தாலும் இந்த எடை பெரிதாக மாறவில்லை. பெர்சிம்மன் கட்டை திண்மமானது. அதன் எடை நடுவிலேயே குவிந்திருக்கும். 200 கிராம் எஃகு 26 கன சென்டிமீட்டர்கூட வராது. ஆகவே அதை உள்ளே வெறுமையான ஓடாகத்தான் செய்ய வேண்டும். எடை தானாகவே சுவர்களுக்குப் போய்விடுகிறது. 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் இப்படியொரு எஃகுத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் காலவேயின் பிக் பெர்த்தா 190 கன சென்டிமீட்டருக்கு வளர்ந்தது. டைட்டானியத்தின் அடர்த்தி 4.4 மட்டுமே, எஃகோ 7.8, அதே எடைக்கு ஒன்றே முக்கால் மடங்கு உலோகம் கிடைக்கிறது. தலை பருத்தது, எடை இன்னும் விலகியது. இனி தூரத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் சராசரி டிரைவ் 1980இல் சுமார் 257 கஜம், 1993இல் சுமார் 260. மரம் ஏறக்குறைய ஒழிந்து உலோகம் குடியேறிய காலம் முழுவதிலும் மூன்றே கஜம்! நடுவில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு எஃகு தூரத்தைப் பெரிதாகத் தரவில்லை. ஆனாலும் அவர்களே மரத்தைக் கைவிட்டார்கள் என்றால், அவர்களும் எப்போதும் நடுவில் அடிப்பவர்கள் அல்லர் என்பதே காரணம்.

2003இல் அதே சராசரி 286 ஆனதே, அது எப்படி என்று கேட்பது நியாயம். வலுவான மறுப்பு இதுதான். டைட்டானிய முகப்பை மெல்லியதாக்கியபோது அது வில் போல வளைந்து கொடுத்தது. பந்து குறைவாக நசுங்கியது, பந்துக்குள் வெப்பமாகத் தொலையும் ஆற்றல் மிஞ்சியது. இது நடுவில் படும் அடிக்கே கிடைக்கும் பலன், மறுக்கவில்லை. ஆனால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். முகப்பில் மோதிய பந்து எவ்வளவு வேகத்தோடு மீள்கிறது என்பதைக் காட்டும் மீட்சிக் குணகத்துக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998இல் 0.83 என வரம்பு கட்டியது. கெட்டியான முகப்பில் அது 0.78 அளவில் இருக்கும்; கணக்குப்படி பந்தின் வேகத்தில் கூடுவது ஏறத்தாழ 3 சதவீதம். மீதியில் பெரும்பங்கு 2000க்குப் பின் பரவிய பல அடுக்குத் திண்மப் பந்துகளுக்கும், விளையாட்டு வீரர்களின் உடற்பயிற்சிக்கும், ஏவு கோணத்தை அளக்கக் கற்றதற்கும் உரியது. வரம்பு விழுந்த பிறகு வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். முகப்பின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றி, நடுவுக்கு மட்டும் இருந்த அந்த வளைவை ஓரங்களுக்கும் பரப்பினார்கள். கார்பன் இழையைக் கூரையிலும், 2022 முதல் முகப்பிலும்கூட வைத்து மிச்சம் பிடித்த கிராம்களைப் பின்புறம் கொண்டுபோனார்கள்.

மேற்பரப்பின் கதையும் இதே திசையில் போகிறது. பொதுவாக நம்பப்படுவதுபோல முகப்பின் வரிப்பள்ளங்கள் பந்தைக் கவ்விச் சுழற்றுவதில்லை. பந்தும் முகப்பும் உலர்ந்து சுத்தமாக இருந்தால், பள்ளமில்லாத முகப்பும் கிட்டத்தட்ட அதே பின்சுழற்சியைத் தரும். இடையில் புல்லின் சாறோ நீரோ புகும்போதுதான் பள்ளம் தேவைப்படுகிறது. மழைச்சாலையில் டயரின் பள்ளம் நீரை வெளியேற்றுவதுபோல அது ஈரத்தை ஒதுக்கி, உலோகத்தைப் பந்தோடு சேர்க்கிறது. 1921இல் ஜாக் ஹட்சிசன் ஆழப் பள்ளமிட்ட அயர்ன்களோடு செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன் பட்டத்தை வென்றதும், ஆர் அண்ட் ஏ அவ்வகை முகப்பைத் தடை செய்தது. வார்ப்பில் எளிதாக வரும் சதுரப் பள்ளம் 1984இல் அனுமதி பெற்றது. அதன் விளிம்பும் இடைவெளியும் பற்றிச் சோல்ஹைமின் நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் மூண்ட வழக்கு 1990 வரை இழுத்தது. பிறகு 2010இல் பள்ளத்தின் கொள்ளளவும் விளிம்பின் கூர்மையும் குறைக்கப்பட்டன. பந்தை ஒழுங்காக ஃபேர்வே என்னும் சீராக வெட்டிய புல்வெளியில் போடுவதற்கும் பரிசுப்பணத்துக்கும் தொழில்முறை ஆட்டத்தில் இருந்த தொடர்பு நலிந்துவிட்டது என்று சங்கம் காரணம் சொன்னது. முரட்டுப் புல்லில் போய் விழுந்தவரும் நல்ல புல்லில் நிற்பவரைப் போலவே பந்தை நிறுத்தினால், முதல் அடியைக் கவனமாக அடித்தவருக்கு என்ன கிடைத்தது?

அப்படியானால் தவறை மன்னிக்கும் மட்டை திறமையைத் தேய்க்கிறது என்றாகாதா? தொழில்முறை ஆட்டத்தில் ஆகும் என்றே நினைக்கிறேன். 2010 விதி சரியானது, இன்னும் முன்பே வந்திருக்கலாம். ஆனால் வாரத்துக்கொருமுறை ஆடும் மனிதரின் தவறும் போட்டியில் பிழைப்பு நடத்துபவரின் தவறும் ஒன்றல்ல. முதலாமவருக்குப் பந்து மைதானத்துக்குள் இருப்பதே ஆட்டத்தைத் தொடர்வதற்கான நிபந்தனை. இரண்டு பேருக்கும் ஒரே மட்டை, ஒரே விதி என்ற கொள்கை கோல்ஃபுக்குப் பெருமையாகச் சொல்லப்பட்டு வந்தது. நிலைமத் திருப்புத்திறனுக்கு 2006இல் விதித்த 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர் வரம்பு அந்தக் கொள்கையின் விளைவுதான். அதனால் இழப்பவர் பெரும்பாலும் சாதாரண ஆட்டக்காரரே, ஏனென்றால் மேல்தட்டு வீரர் முகப்பின் ஓரத்துக்கு அடிக்கடி போவதில்லை. பள்ளங்களின் விஷயத்தில் விதியமைத்தவர்களே அந்தக் கொள்கையைத் தளர்த்தினார்கள். புதிய அளவை உயர்நிலைப் போட்டிகளுக்கு 2010 முதல் கட்டாயமாக்கியவர்கள், மற்றவர்கள் கையிலிருந்த பழைய மட்டைகளைக் குறைந்தது 2024 வரை செல்லும் என்று விட்டுவைத்தார்கள்.