பரண்ல தூங்குதா தாத்தாவோட ஸ்டீரியோ செட்? பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தூத்துக்குடியில பழைய வீட்டைக் காலி பண்றப்போ, பித்தளைப் பாத்திரங்களோட சேர்ந்து பரண்ல இருந்து சில சமயம் இன்னொன்னும் இறங்கும். அலுமினிய முகப்பு, மரப்பெட்டி, பெரிய குமிழ்கள்னு கை கடுக்குற கனத்துல ஒரு ஸ்டீரியோ ரிசீவர். கப்பல் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போன தாத்தாவோ மாமாவோ 70, 80-கள்ல ஆசையா வாங்கிட்டு வந்ததா இருக்கும். ரேடியோ டியூனரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில இருந்தா அதுதான் ரிசீவர். அப்போ ஜப்பான் கம்பெனிகளுக்குள்ள பெரிய 'வாட்ஸ்' போட்டியே நடந்துச்சு. 1976-ல வந்த பயனியர் எஸ்.எக்ஸ்-1250 ஒரு சேனலுக்கு 160 வாட்ஸ்!

ஆர்வத்துல நேரா பிளக்கைச் சொருகிடுவோம். ஒண்ணு, புகை வரும். இல்லைன்னா ஒரு பக்கம் மட்டும் கரகரன்னு கேட்கும். 'செத்துப்போச்சு'ன்னு எடைக்குப் போட்டுடுவோம். முதல் வகையைத் தடுக்கலாம். ரெண்டாவது வகையில பல செட்டுகள் சாகவே இல்லை.

முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க. எத்தனை வோல்ட்னு எழுதியிருக்கும். சில செட்ல மாத்துறதுக்கு ஒரு செலக்டரும் இருக்கும். நம்ம வீட்டு கரன்ட் 230 வோல்ட். ஜப்பான் உள்நாட்டு செட்னா 100 வோல்ட், அமெரிக்க செட்னா 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகினா கதை முடிஞ்சுது. ஜப்பான் உள்நாட்டு செட்ல இன்னொரு சிக்கல்: அதோட எஃப்.எம். 76-ல இருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்ம ஊர் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அதுக்கு மேல இருக்கு. இது ரிப்பேர் இல்ல, அமைப்பே அப்படி.

அடுத்தது, மெக்கானிக்குகளோட 'சீரிஸ் பல்பு'. செட்டுக்குப் போற லைன்ல ஒரு 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பை வரிசையில இணைப்பாங்க. எல்.இ.டி. பல்பு இதுக்கு உதவாது. ஆன் பண்ணதும் பல்பு பளிச்னு எரிஞ்சு, மங்கினா நல்ல சகுனம். பளிச்னே நின்னா உள்ள ஷார்ட் இருக்கு, உடனே ஆஃப். அதிக கரன்ட் போகாம அந்த இழையே தடுத்துடுறதால செட் தப்பிச்சுடும். வயரிங் தெரியாதவங்க இதை எலக்ட்ரீஷியன்கிட்டயே விட்டுடுங்க. மூடியைக் கழற்றுறதும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்கள்ல சார்ஜ் தங்கியிருக்கும்.

இனி நம்ம ஊர் வில்லனுக்கு வருவோம்... உப்பு. காற்றோட ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, படிஞ்சிருக்குற உப்புத்தூள் தானாவே தண்ணியை இழுத்துக்கும். கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர்ல பரண்ல கிடந்த செட்டோட செம்புல பச்சை படியுறதுக்கு வேற காரணம் தேட வேண்டாம். (வேடிக்கை என்னன்னா, உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்துறதாலதான் மீடியம் வேவ் அலைகள் கடல் மேல தூரமாப் போகும். சிலோன் ரேடியோவை இந்தக் கரையில தெளிவா கேட்க வெச்சதும் அதே உப்புதான்!)

வால்யூமைத் திருப்புறப்போ கரகரன்னா, குமிழுக்குள்ள அழுக்கு. செட்டை ஆஃப் பண்ணி, எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்குற கான்டாக்ட் கிளீனரை உள்ள அடிச்சு, குமிழை இருபது முப்பது தடவை திருப்பச் சொல்லுங்க. நல்லா காய்ஞ்ச பிறகுதான் ஆன் பண்ணணும். துரு எடுக்குற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுக்கு தங்கி தூசியைப் பிடிக்கும். வால்யூமைக் கூட்டினாதான் ஒரு பக்கம் 'டக்'னு உயிர் வருதுன்னா, ஸ்பீக்கர் ரிலேயோட காலுங்க கறுத்திருக்கலாம்.

சுத்தமா சத்தமே இல்லையா? பதறாதீங்க. முன்பக்கம் 'டேப் மானிட்டர்' பட்டன் அமுங்கியிருக்கான்னு பாருங்க. அமுங்கியிருந்தா, இல்லாத டேப் டெக்ல இருந்து பாட்டு வரும்னு செட் காத்துக்கிட்டிருக்கும்! சில மாடல்கள்ல பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' துளைகளை இணைக்குற சின்னக் கம்பிகள் தொலைஞ்சிருந்தாலும் இதே கதைதான். ஒரு பக்கம் மட்டும் இல்லைன்னா, இடது வலது ஸ்பீக்கர் வயரை மாத்திப் போடுங்க. கோளாறு ஸ்பீக்கரோட சேர்ந்து இடம் மாறினா செட் குற்றவாளி இல்ல.

விடாம 'ம்ம்ம்'னு உறுமினா ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல சந்தேகம். மாத்துறப்போ அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதுக்கு மேல இருக்கணும். பிளஸ் மைனஸ் மாறினா வெடிக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் அவசரம் வேண்டாம். நல்ல ஸ்பீக்கரை இணைக்குறதுக்கு முன்னாடி, ரிலே 'கிளிக்'னு ஒட்டின பிறகு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை வெச்சு டி.சி. பார்க்கச் சொல்லுங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. சில வோல்ட் காட்டினா ஸ்பீக்கர் காயில் கருகிடும். அவுட்புட் டிரான்ஸிஸ்டர் போயிருக்கலாம். மார்க்கெட்ல போலி டிரான்ஸிஸ்டர்களும் இருக்கு, விலை குறைவுன்னு ஏமாறாதீங்க.

ரேடியோவைச் சோதிக்க, ஏ.எம். டயல்ல 100-ஐக் கொஞ்சம் தாண்டி முள்ளை நகர்த்துங்க. தூத்துக்குடி வானொலியோட 1053 கிலோஹெர்ட்ஸ் அங்கதான். பக்கத்துல இருக்குற எல்.இ.டி. பல்பையும் போன் சார்ஜரையும் அணைச்சுடுங்க, இரைச்சல் பாதி அதுங்களாலதான். எஃப்.எம்.முக்கு ஆன்டெனா முனையில 75 சென்டிமீட்டர் வயர் ஒண்ணே பல நேரம் போதும்.

உங்க பிளேலிஸ்ட்டும் இதுல ஓடும். போனோட ஹெட்போன் துளையில இருந்து ரெண்டு ஆர்.சி.ஏ. பின்னுக்குப் போற கேபிளை 'ஆக்ஸ்' அல்லது 'டேப் இன்'ல சொருகுங்க. 'ஃபோனோ'ன்னு எழுதியிருக்கே, அது போனுக்குத்தான்னு நினைச்சுடாதீங்க. அது ரெக்கார்டு பிளேயருக்கு. போனைச் சொருகினா பாட்டு கிழிஞ்சுதான் கேட்கும்.