வெள்ளமும் காப்புறுதியும்

1927 ஆம் ஆண்டு இளவேனிலில் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரைகடந்து பெருகியபோது, ஆறு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் குடிபெயர நேர்ந்தது. அவ்வேளை நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வங்கியாளரும் வணிகரும் ஒரு காரியம் செய்தனர். தம் நகரைக் காக்கும்பொருட்டு, மாநில அரசின் அநுமதி பெற்று, நகருக்குக் கீழே கேர்னார்வன் என்னுமிடத்தில் ஆற்றணையை ஏப்ரல் 29 ஆந் திகதி வெடிவைத்துத் தகர்க்கச் செய்தனர். பொறிவைத்து விலங்கு பிடித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஏழைகளின் குடியிருப்புகளை நீர் மூடிற்று. நட்டஈடு தருவதாக வாக்களித்த கனவான்கள் பின்னர் கணக்குப் பார்த்தபோது, பெரும்பாலோருக்குக் கிடைத்தது மிகச் சொற்பமே. வெள்ளம் முற்றிலும் இயற்கையின் செயல் என்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வது நன்று.

இதன் பின்னர் தனியார் கம்பனிகள் வெள்ளக் காப்புறுதியினின்றும் ஏறத்தாழ முற்றாக விலகிக்கொண்டன. தீ ஊரில் ஒரு வீட்டை எரிக்கும். ஆயிரம் பேர் கட்டும் பணத்தில் அவ்வொருவரின் இழப்பை ஈடுசெய்யலாம். வெள்ளமோ ஆயிரம் வீட்டையும் ஒரே இரவிற் கொள்வது. மேட்டுநிலத்தார் அக்காப்புறுதியை வாங்கார். ஆற்றங்கரையார் மட்டுமே வாங்குவர். இலாபமில்லாத இடத்தை மூலதனம் கைவிட்டது; அவ்விடத்தை அரசு நிரப்ப நாற்பது ஆண்டுகள் சென்றன.

1965 இல் பெற்சி என்ற சூறாவளி லூயிசியானாவைத் தாக்கிய பின்னரே, 1968 இல் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. வெள்ளச் சேதத்துக்கு ஆற்றிலும் பார்க்க, ஆற்றின் இடத்திலே கட்டும் மனிதரே பெரிதும் பொறுப்பு என்று புவியியலறிஞர் கில்பர்ட் வைற் நெடுங்காலம் வாதித்து வந்தார். அவர் தலைமையிலான குழு, பிழைபட அமைந்த காப்புறுதி தாழ்நிலங்களில் மேலும் கட்டுவதற்கே ஊக்கமளிக்கும் என 1966 இல் எச்சரித்தது. ஆகவே சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது: வெள்ளச் சமவெளியில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் ஊர்களுக்கே காப்புறுதி.

விரும்பி வாங்கியோர் சிலரே. 1972 இல் அக்னெஸ் சூறாவளி பென்சில்வேனியாவை மூழ்கடித்தபோது இது அம்பலமாயிற்று. 1973 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தைப் புகுத்தியது. யாருக்கு? விசேட வெள்ள அபாய வலயத்துள் வீட்டை ஈடுவைத்து, சமஷ்டி அரசின் மேற்பார்வைக்குட்பட்ட வங்கியிற் கடன் பெறுவோருக்கு. கடனில்லாதவருக்குக் கட்டாயமில்லை, வாடகைக்கு இருப்போருக்கும் இல்லை. காப்புறுதித் தொகையும் கடன் நிலுவையின் அளவுக்கு இருந்தாற் போதும். அக்கட்டாயம் முதற்கண் காத்தது கடன் கொடுத்தவரின் பணத்தையே.

வலயம் என்பது, எந்த ஓராண்டிலும் வெள்ளம் புகுவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பேனும் உள்ள நிலம். இதனை 'நூற்றாண்டு வெள்ளம்' எனப் பெயரிட்டது பெருந் தவறு; நூறாண்டுக்கு ஒருமுறைதான் வருமென மக்கள் எண்ணினர். முப்பதாண்டுக் கடன் தீருமுன் ஒருமுறையேனும் நீர் புகும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். (வகுப்பிலே இக்கணக்கைச் செய்வித்தால் மாணவர் முதலில் நம்பமாட்டார்கள்.) அங்கீகாரம் பெற்ற அணைக்குப் பின்னாலுள்ள நிலமோ வலயத்துக்கு வெளியே எனக் கொள்ளப்படும்.

நியூ ஓர்லியன்சின் கீழ் ஒன்பதாம் வட்டாரம், கறுப்பினத் தொழிலாளர் வேறிடம் கிட்டாமையாற் குடியேறிய தாழ்நிலம். பெற்சியில் மூழ்கிய அவ்வட்டாரம், 2005 ஓகஸ்ட் 29 இல் கத்றீனாச் சூறாவளியின்போது கால்வாய்ச் சுவர் உடைந்து மீண்டும் மூழ்கிற்று. பாட்டன், தந்தை வழியாக வந்த வீடுகள் அங்கே பல. ஈட்டுக்கடன் இல்லை, எனவே காப்புறுதி உண்டா எனக் கேட்க வங்கியும் இல்லை. பின்னர் வீடு திருத்த உதவித்தொகை வழங்கப்பட்டபோது, வெள்ளத்துக்கு முந்திய விலை, திருத்தும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அளவாயிற்று. ஒத்த வீட்டைத் திருத்தச் செலவு எங்கும் ஒன்றே. ஆனால் கறுப்பினத்தவர் வட்டாரத்தில் வீட்டின் விலை குறைவு. வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தனர். 2011 இல் அது இணக்கமாக முடிந்தபோது, பலர் வேறு ஊர்களில் வேரூன்றிவிட்டனர்.